மூன்றாவது சிஸ்டர்

புளியங்கொட்டாய் கன்னியர் இல்லத்தில் வெல்ல டப்பாவை ஒளித்து வைப்பது சிஸ்டர் எழில்மதியின் வேலை. அதைக் கண்டுபிடிப்பது சிஸ்டர் அமிர்தத்தின் வேலை.

“இன்னிக்கு அரிசிப் பானைக்குள்ள வெச்சிருக்க. போன வாரம் பீரோவுக்குப் பின்னாடி. உனக்கு ஒளிக்கவே தெரியலடி” என்று வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார் அமிர்தம்.

“சர்க்கரை இருக்கறவங்க இப்பிடியா தின்னுவாங்க? கையைக் காட்டுங்க, ஊசி போடணும்.”

“ஊசி போடத்தான் நீ இருக்கியே. அந்தத் தைரியத்துலதான் தின்னேன்.”

எழில்மதிக்கு ஊசி கையிலேயே நின்றது. மே மாதத்துக்கு அப்புறம் அவள் இங்கே இருக்கப் போவதில்லை. அதை இந்தக் கிழவியிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைச் சாலையை விட்டு வெகுதூரம் உள்ளே இருந்தது அந்த ஊர். ஜீப் மட்டும்தான் ஏறும். அமிர்தம் இளம் கன்னியாக வந்து ஒரு மருந்தகம் திறந்தவர். அப்புறம் மலையை விட்டு இறங்கவே இல்லை. இப்போது கண் பாதிதான் தெரியும். மருந்தகத்துக்கு வெளியே உள்ள சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மரவள்ளி மூட்டையோடு போகிற பெண்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவரிடம் நாலு வார்த்தை பேசாமல் போக மாட்டார்கள்.

இல்லத்தில் மூன்றே பேர். அமிர்தம், எழில்மதி, பெண் பிள்ளைகளின் விடுதியை நடத்தும் இல்லத் தலைவி மதர் அருள்மொழி. முன்பு நான்கு பேர் இருந்தார்கள். போன வருஷம் ஒருவர் மாற்றலாகிப் போனார், பதிலுக்கு ஆள் வரவில்லை. சபையில் சேரப் பெண்கள் கிடைப்பதில்லை என்றார்கள்.

சபையின் சட்டம் எளிமையானது. மூன்று பேராவது இருந்தால்தான் அது இல்லம். மூன்று இரண்டானால் இல்லத்தை மூடிவிட்டு ஆட்களை வேறு ஊர்களுக்கு அனுப்பிவிடுவார்கள்.

“ரெண்டு பேர் சண்டை போட்டுக்கினா சமாதானம் பண்ண ஒருத்தர் வேணாமா? அதுக்குத்தான் மூணு” என்பார் மதர் அருள்மொழி.

எழில்மதி அந்த மூன்றாவது ஆள். கன்னியாக வாழ்வதாகக் கடவுளுக்கு வாக்குக் கொடுக்கும் முதல் வார்த்தைப்பாடு முடிந்து ஆறு வருஷம் ஆகப்போகிறது. வருஷா வருஷம் அதைப் புதுப்பித்து வந்தாள். இனிப் புதுப்பிக்க முடியாது. மே மாதத்தில் ஒன்று, சாகும்வரைக்குமான நித்திய வார்த்தைப்பாடு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சபையை விட்டு வீட்டுக்குப் போக வேண்டும். யாரும் தடுக்க மாட்டார்கள், குற்றமும் சொல்ல மாட்டார்கள். அவள் வீட்டுக்குப் போவதாகத்தான் முடிவு செய்திருந்தாள்.

காரணம், இசைவாணி.

மருந்தகத்துப் பெஞ்சின் பக்கத்தில் மட்டும்தான் செல்போனுக்கு சிக்னல் வரும். அன்று சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். குரல் விட்டு விட்டு வந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். நைனார்பாளையத்தில் கூலி வேலை செய்கிற சவரிநாதன்.

“எழிலு, மாப்ள வூட்டுலேர்ந்து வந்திருந்தாங்க. கொழந்தைய பெங்களூருக்கு இட்டுக்கினு போயி, அவரு அக்கா வூட்டுல வுட்டுடறாங்களாம். பொம்பள இல்லாத வூட்டுல பொட்டப்புள்ளய எப்பிடி வுடறதுன்னு கேக்கறாங்க. நான் இன்னாம்மா பதில் சொல்றது?”

தங்கை காய்ச்சலில் செத்துப் போனபோது இசைவாணிக்கு இரண்டு வயது. தங்கையின் கணவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய், அங்கேயே வேறொரு கல்யாணம் செய்துகொண்டார். குழந்தையை இதுவரை வளர்த்தது அப்பாதான். சோறு பொங்கி, சடை பின்னி, பால்வாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்.

“மே மாசம் எனக்கு முடியுதுப்பா. வந்துடறேன்னு சொல்லுங்க.”

“நீ வந்துட்டா அவங்க ஒரு வார்த்த பேச மாட்டாங்க. இரு, உங்கிட்ட பேசணுமாம்.”

“பெரிம்மா! வரப்ப எனக்கு இன்னா வாங்கினு வருவ?”

“இன்னா வேணும்டா?”

“பாக்கெட் வெச்ச கவுனு. ரெண்டு பக்கமும் பாக்கெட் வேணும். எவ்ளோ ஒயரம் தெரியுமா நானு? தாத்தா இடுப்புக்கு வந்துட்டேன்!”

போனை வைத்துவிட்டு எழில்மதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெஞ்சில் அமிர்தம் கண்ணை மூடி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

“எனக்கு ஒண்ணுமே காதுல விழலப்பா” என்றார், யாரும் கேட்காமலே.

*

பிப்ரவரியில் சபையின் மாநிலத் தலைவி மலைக்கு வரப்போவதாகச் செய்தி வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை அவர் எல்லா இல்லங்களுக்கும் போவார். அதற்கு விசிட்டேஷன் என்று பெயர். ஒவ்வொரு சிஸ்டரையும் தனியே உட்காரவைத்துப் பேசுவார். அதை வைத்துத்தான் யார் எங்கே போவது, எந்த இல்லம் இருப்பது, எது மூடுவது என்பதெல்லாம் முடிவாகும்.

ஊர்ப் பெண்களுக்குப் பயம் வந்துவிட்டது. குஞ்சம்மாள் வேகமாக வந்தாள். அவளுடைய பிள்ளைகள் எல்லாம் அமிர்தத்தின் கையில் பிறந்தவை.

“அமிர்தம்மா, மூடிடப் போறாங்களாமே? நாங்க போயி ஆயருகிட்ட அழுவறோம். அவுரு பாத்து ஒரு வார்த்த சொன்னா ஆவாதா?”

“ஆயர் சொன்னா ஃபாதரை மாத்தலாம். எங்களை மாத்த முடியாது” என்றார் அமிர்தம்.

“ஏனாம்?”

“கோயிலு, பங்கு, ஃபாதருங்க, இதெல்லாம் மறைமாவட்டம். அதுக்கு ஆயர். நாங்க சபையோட ஆளுங்க. எங்களுக்கு, இப்போ வரப்போறாங்களே, அந்த மாநில மதர். ஆயர் எடத்துல நாங்க இருக்கோம், அவ்ளோதான்.”

“அப்போ ஆயரு பெரியவரா, ஒங்க மதரு பெரியவரா?”

“அதைக் கேட்டு ரெண்டு பேருக்கும் சண்டை மூட்டிவுடாத, தாயே.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அமிர்தம் பலா மரத்தின் பக்கம் கையைக் காட்டினார். மரத்துக்கு அந்தப் பக்கம் ஊரின் கல்லறைத் தோட்டம்.

“அங்க எனக்கு எடம் பாத்து வெச்சிருக்கேன். அதுக்கு முன்னாடி கீழ முதியோர் இல்லத்துல கொண்டுபோயி போட்டாங்கன்னு வை, மேல சுத்தற ஃபேனைப் பாத்துக்கினே ஒரு மாசத்துல போயிடுவேன்.”

எழில்மதி மருந்து அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

*

விசிட்டேஷன் அன்று முதலில் மதர் அருள்மொழி போய்விட்டு வந்தார். அடுத்து அமிர்தம். மூடிய கதவுக்குப் பின்னால் வெகுநேரம் பேச்சு. வெளியே வந்தபோது அமிர்தத்தின் மூக்கு சிவந்திருந்தது. ஆனால் முகத்தில் ஒரு தெளிவு.

“உள்ள போ. மனசுல இருக்கறதை அப்பிடியே சொல்லு. எதையும் மறைக்காத” என்று எழில்மதியின் தோளைத் தட்டினார்.

பிறகு பெஞ்சை நோக்கி நடந்தார். வழக்கம்போல ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே. எங்கே சுவர் திரும்பும், எங்கே படி, எங்கே தண்ணீர்த் தொட்டி, எல்லாம் அந்தக் கைக்குத் தெரியும். எழில்மதி பார்த்துக்கொண்டே நின்றாள். இந்தச் சுவர் இல்லாத இடத்தில் இவர் எப்படி நடப்பார்? யாரைப் பிடித்துக்கொண்டு?

கதவைத் திறந்து உள்ளே போகும்வரைக்கும் ‘நான் வீட்டுக்குப் போகிறேன்’ என்ற வார்த்தைதான் அவள் நாக்கில் இருந்தது.

“என்ன முடிவு பண்ணியிருக்க, எழில்?” மாநிலத் தலைவி கேட்டார். அதட்டாத குரல்.

“நித்திய வார்த்தைப்பாடு கேக்கறேன், மதர்.”

மாநிலத் தலைவி நிமிர்ந்து பார்த்தார். அவர் எதிர்பார்த்த பதில் இது இல்லை என்று முகம் சொன்னது.

“உனக்காகத்தான் கேக்கறியா? வேற யாரையாவது நெனச்சு இல்லயே?”

“இல்ல மதர்.”

“வீட்டுல ஏதாவது கஷ்டம் இருந்தா சொல்லு. வெளிய போறதுல அவமானம் ஒண்ணும் இல்ல. நான் இன்னொரு தரம் கேக்கறேன், எழில். இது உன் விருப்பமா?”

“என் விருப்பம்தான் மதர்.”

சொன்னதும் நெஞ்சு காலியானது போலிருந்தது. ஆனால் மூன்று பேர் மூன்று பேராகவே இருப்பார்கள். கிழவி பலா மரத்தடிக்கே போவார். அது போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

விசிட்டேஷனில் பேசியது அந்த அறையோடு சரி. ஒருவர் சொன்னதை மற்றவரிடம் மாநிலத் தலைவி சொல்ல மாட்டார். சிஸ்டர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கூடாது. எழில்மதி அந்த விதியை மீறவில்லை. அமிர்தமும் மீறவில்லை. ஒருவர் மீறியிருந்தாலும் இந்தக் கதை இல்லை.

அப்பாவிடம் பேச அவளுக்குப் பெஞ்சுப் பக்கம் போகத் துணிவில்லை. மருந்து வாங்கக் கள்ளக்குறிச்சிக்குப் போன அன்று, பேருந்து நிலையத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டாள். பேருந்துகளின் சத்தத்தில், வீட்டுக்கு வரவில்லை என்பதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.



“சரிம்மா. சாமி காரியம். நான் இன்னா சொல்றது” என்றார் சவரிநாதன். அப்புறம், “கொழந்தைகிட்ட நானே சொல்லிக்கறேன்” என்று வைத்துவிட்டார்.

*

ஏப்ரலில் எழில்மதி மலையிறங்கினாள். நித்திய வார்த்தைப்பாடு கொடுப்பவர்கள் அதற்கு முன் ஒரு மாதம் விழுப்புரத்தில் உள்ள மாநில இல்லத்தில் தியானத்தில் இருக்க வேண்டும். போனை வாங்கி வைத்துவிடுவார்கள்.

ஜீப் ஓட்டும் பிரவீன்குமார் பெட்டியை ஏற்றினான். அமிர்தம் ஒரு துணிப் பொட்டலத்தோடு நின்றார். கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“இன்னா சிஸ்டர் அது?”

“இன்னும் முடியல. முடிச்சிட்டு அனுப்பறேன். கண்ணு தெரியாம தைச்சா இப்பிடித்தான், கோணிக்கினு போவுது.” சிரித்தார். கண்ணில் நீர் முட்டியது. “போ. நல்லபடியா இரு. ஊசியைப் பத்திக் கவலப்படாத.”

சபையை விட்டு வெளியேறுபவர்களும் கடைசியாகப் போவது அதே மாநில இல்லத்துக்குத்தான். எழில்மதி வீட்டுக்குப் போகிறாள் என்றுதான் அமிர்தம் நம்பினார். ஏனென்றால் அதற்கான வழியை அவரே திறந்து வைத்திருந்தார்.

விசிட்டேஷன் அறையில் அவர் மாநிலத் தலைவியிடம் சொன்னது இதுதான்: “மதர், என்னைக் கீழ முதியோர் இல்லத்துக்கு மாத்திடுங்க. இந்த இல்லத்தை மூடிடுங்க. நான் இங்க இருக்கறவரைக்கும் அந்தப் பொண்ணு என்னை வுட்டுட்டுப் போவ மாட்டா. அவளுக்கு ஒரு கொழந்தை காத்துக்கினு இருக்குது.”

சொல்லிவிட்டு அழுதார். மாநிலத் தலைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சரி என்றார்.

*

மே மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம். புளியங்கொட்டாய் ஒரு கிளைக் கிராமம்தான். பங்குத்தந்தை அடிவாரத்தில் இருக்கிறார். மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலைப் பூசைகளை எல்லாம் முடித்துவிட்டு மலையேறி வருவார். அன்று பூசையின் நடுவே மன்றாட்டு வாசித்தார்.

“நம்முடைய சிஸ்டர் எழில்மதி நாளைக்குக் காலையில் நித்திய வார்த்தைப்பாடு கொடுக்கிறார். அவருக்காக ஜெபிப்போம்.”

முன் வரிசையில் அமிர்தத்தின் ஜெபமாலை கீழே விழுந்தது.

மதர் அருள்மொழி விடுதிப் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டு, விழா வேலைக்காக முன்பே கீழே போயிருந்தார். அமிர்தத்துக்குத் தெரியும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். துணைக்கு இருந்தவள் குஞ்சம்மாள்தான். அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று மாநில இல்லத்துக்குப் போன் போட்டுக் கொடுத்தாள்.

“எழில்மதிகிட்ட பேசணும். அவசரம்” என்றார் அமிர்தம்.

“தியானத்துல இருக்காங்க சிஸ்டர். நாளைக்குப் பூசை முடிஞ்சுதான் பேசலாம்” என்றது ஒரு இளம் குரல்.

“அப்போ மாநில மதர்கிட்ட குடு.”

“ஆயரைப் பாக்கப் போயிருக்காங்க சிஸ்டர். நீங்க வாழ்த்து சொன்னீங்கன்னு சொல்லட்டா?”

விடியும்போது பிரவீன்குமாரின் ஜீப் கிளம்பியது. முன் இருக்கையில் அமிர்தம், பின்னால் குஞ்சம்மாள். ஒவ்வொரு வளைவிலும் அமிர்தத்துக்குக் குமட்டியது. இரண்டு முறை நிறுத்தி வாந்தி எடுத்தார்.

“திரும்பிடலாம் சிஸ்டர். ஒங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா என்னை ஊர்ல வுட மாட்டாங்க” என்றான் பிரவீன்குமார்.

“பேசாத. வண்டிய ஓட்டு.”

மடியில் அந்தத் துணிப் பொட்டலம் இருந்தது.

*

மாநில இல்லத்துக் கோயிலில் கூட்டம் நிரம்பி வழிந்தது. பீடத்தின் முன் விரித்த பாயில் எழில்மதி குப்புறப் படுத்திருந்தாள். உலகத்துக்கு இறந்துவிட்டதன் அடையாளம் அது. பாடகர் குழு புனிதர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பாட, சபையோர் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று பதில் சொன்னார்கள். பாயின் கோரை வாசம் மூக்கில் ஏறியது. அப்பாவும் இசைவாணியும் நான்காவது வரிசையில் இருந்தார்கள். அவள் வேண்டுமென்றே அந்தப் பக்கம் பார்க்காமல் வந்து படுத்திருந்தாள். கொஞ்சம் பார்த்தாலும் எழுந்து ஓடிவிடுவோம் என்று பயம்.

பாட்டு முடிந்து எழுந்து முழந்தாளிட்டபோதுதான் வாசலில் சலசலப்பு. திரும்பினாள்.

குஞ்சம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு நடுப்பாதையில் வந்துகொண்டிருந்தார் அமிர்தம்.

கூட்டம் வழிவிட்டது. “மலையிலேர்ந்து வந்திருக்காங்க, பாவம், இந்த வயசுல” என்று யாரோ சொன்னார்கள். வீடியோ எடுப்பவர் கேமராவை அவர் பக்கம் திருப்பினார். ஒரு சிஸ்டர் ஓடிப்போய் முன் வரிசையில் நாற்காலி போட்டாள்.

அமிர்தம் உட்காரவில்லை. வாயைத் திறந்தார். மூச்சு வாங்கியதில் குரல் வரவில்லை. கீபோர்டும் தபேலாவும் அடுத்த பாட்டுக்குத் தொடங்கிவிட்டிருந்தன. அவர் வலது கையை உயர்த்தி, உள்ளங்கையை எழில்மதிக்கு நேராக நீட்டினார்.

வேண்டாம். நிறுத்து.

ஆனால் வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் சபையோர் வலக்கையை நீட்டி ஆசி வேண்டுவது அங்கே வழக்கம். மூத்த சிஸ்டரே தொடங்கிவைக்கிறார் என்று நினைத்தார்கள். பக்கத்தில் இருந்தவர் கையை நீட்டினார். அடுத்தவரும் நீட்டினார். வரிசை வரிசையாகக் கைகள் எழுந்தன. நான்காவது வரிசையில் சவரிநாதனின் காய்த்த கையும், அதற்குக் கீழே ஒரு சின்னக் கையும் எழுந்தன.

எழில்மதி அமிர்தத்தின் முகத்தைப் பார்த்தாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மலையை விட்டு இறங்காதவர், எனக்காக இறங்கி வந்திருக்கிறார்! என்ன சந்தோஷம் இருந்தால் இப்படி அழுவார்? ஒரு மாதமாக அவள் மனதில் அரித்துக்கொண்டிருந்த கடைசிச் சந்தேகமும் அந்த நொடியில் போய்விட்டது.

மைக்கின் முன் நின்று, கொஞ்சமும் நடுங்காத குரலில், சாகும்வரைக்குமான வார்த்தைப்பாட்டைச் சொல்லி முடித்தாள்.

அமிர்தத்தின் கை மெல்லக் கீழே இறங்கியது.

*

பூசை முடிந்து, கழுத்தில் மாலையும் விரலில் மோதிரமுமாக எழில்மதி அவரிடம்தான் முதலில் ஓடினாள். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார் அமிர்தம்.

“இனிமே பயமில்ல சிஸ்டர். மூணு பேரும் மூணு பேராவே இருப்போம்.”

“எனக்காகத்தான் குடுத்தியா?”

எழில்மதி தலையைக் குனிந்தாள்.

“பாவி! நான் உன்னைப் போவச் சொல்லித்தானடி மூடச் சொன்னேன்! அந்த ரூமுக்குள்ள, நீ போறதுக்கு முன்னாடி. என்னைக் கீழ அனுப்புங்க, இல்லத்தை மூடுங்க, இவ வூட்டுக்குப் போவட்டும்னு... கையைக் காட்டி வேணாம் வேணாம்னு சொன்னேனே! நீ பாத்துக்கினேதானே இருந்த!”

எழில்மதிக்கு அந்த உயர்ந்த கை நினைவுக்கு வந்தது. அதற்குப் பின்னால் எழுந்த அத்தனை கைகளும் நினைவுக்கு வந்தன.

மாநிலத் தலைவி பக்கத்தில் வந்து நின்றிருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

“மதர், நான் சொன்னதை நான் வாபஸ் வாங்கிக்கறேன். இல்லத்தை மூடாதீங்க” என்றார் அமிர்தம்.

“ஆலோசனைக் குழு முடிவு பண்ணி, ஆயருக்கும் சொல்லியாச்சு சிஸ்டர். எழிலை வேற ஊருக்குப் போட்டாச்சு. சாயங்காலம் வாசிக்கணும்.” பிறகு எழில்மதியிடம் திரும்பினார். “நான் ரெண்டு தரம் கேட்டேனேம்மா.”

“கேட்டீங்க மதர்” என்றாள் எழில்மதி.

சவரிநாதன் தயங்கித் தயங்கி வந்தார். மாலையோடு நிற்கும் மகளைத் தொடலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. இசைவாணி அவர் வேட்டியைப் பிடித்திருந்தாள்.

“மாப்ள வூட்டுக்காரங்க கேட்டுக்கு வெளிய ஆட்டோவுல இருக்காங்கம்மா. மத்தியான ரயிலு. கொழந்தைய ஒரு தரம் உனக்குக் காட்டிட்டுப் போலாம்னு...”

அமிர்தம் பொட்டலத்தைப் பிரித்தார். மஞ்சள் நிறத்தில் ஒரு கவுன். ஒரு பக்கப் பாக்கெட் மேலேயும் ஒரு பக்கப் பாக்கெட் கீழேயுமாகக் கோணலாக இருந்தது. எழில்மதி அதை வாங்கி, குழந்தையின் சட்டைக்கு மேலேயே போட்டுவிட்டாள். முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

“வளருவா இல்ல. அடுத்த ஜூன்ல சரியா இருக்கும்” என்றார் அமிர்தம்.

இசைவாணி இரண்டு கைகளையும் இரண்டு பாக்கெட்டிலும் விட்டுப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. அப்புறம் கேட்டாள்: “பெரிம்மா, உள்ள ஒண்ணுமே இல்லியே?”

எழில்மதி தன் உடுப்பைத் தடவினாள். கொடுப்பதற்கு அவளிடம் எதுவும் இல்லை. அமிர்தம் இடுப்பில் செருகியிருந்த காகித மடிப்பை எடுத்தார். அதற்குள் ஒரு வெல்லக் கட்டி. அதைக் குழந்தையின் பாக்கெட்டில் போட்டார். எழில்மதி திட்டவில்லை.

ஆட்டோவின் ஹாரன் கேட்டது. சவரிநாதன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கேட்டைத் தாண்டும்வரைக்கும் இசைவாணி ஒரு கையைப் பாக்கெட்டை விட்டு எடுக்கவே இல்லை. இன்னொரு கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

சாயங்காலம் மாற்றல்களை வாசித்தார்கள். அமிர்தத்துக்கு முதியோர் இல்லம். எழில்மதிக்குக் கடலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். மதர் அருள்மொழி மலைக்குத் திரும்பிப் போய், புளியங்கொட்டாய் இல்லத்தைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவர வேண்டும்.

முதியோர் இல்லத்து வண்டி வாசலில் வந்து நின்றது. எழில்மதி அமிர்தத்தின் பையிலிருந்து ஊசியை எடுத்தாள்.

“கையைக் காட்டுங்க சிஸ்டர்.”

அமிர்தம் கையைக் காட்டினார். காலையில் உயர்ந்த அதே கை. எழில்மதி அதைப் பிடித்துக்கொண்டு, ஊசி போடாமல் வெகுநேரம் அப்படியே இருந்தாள். வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.